இரண்டு வீட்டுப் பத்தியம்

786
காரைக்கால்
10.2.1984

சம்பந்தி கமர் நிஷா அறிவதற்கு, ஷரீபுன்னிசா எழுதுவது. சலாம்.

அன்றைக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையும் நான் மறக்கவில்லை. நீங்கள் இருந்தீர்கள். உங்கள் மகள் ஹபீபா சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தது. என் பேத்தி ஜரீனா அதன் மடியில் கிடந்தது. என் தம்பி ஜெய்னுலாபுதீன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டு லூர்தம்மாள் ஜெபமாலையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டரிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டர் வைத்தியலிங்கம் முற்றத்தில். டீக்கடை மருதையன் அவருக்கும் பின்னால், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. நடுவில் சந்தூக்குப் பெட்டியில் கிடந்தவன் நான் பெற்ற சேக் அலாவுதீன். இத்தனை பேர் முன்னால்தான் அது நடந்தது. அதனால் இத்தனை பேரும் எனக்குச் சாட்சி.

தூக்குவதற்கு முன்னால் தம்பி கேட்டான். மய்யித்து யார் மனசையாவது நோக வைத்திருந்தால் எல்லாரும் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்றான். எல்லாரும் பொருந்திக்கொண்டோம் என்றார்கள். ஹபீபா சொன்னது. நீங்கள் சத்தமாகவே சொன்னீர்கள். பிறகு அவன் என்னைப் பார்த்து, "லாத்தா, பால் கொடுத்தவங்க நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கவும் முடியவில்லை. மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள்.

இப்போது லூர்தம்மாளைத் தூது அனுப்பியிருக்கிறீர்கள். ஹபீபா புருஷனுக்காக வீட்டோடு இருக்கும் இத்தா முடிவதற்குள் நான் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமாம், இல்லையென்றால் கபுரில் கிடக்கிறவனுக்கு ஆறுதல் இல்லையாம். என் பிள்ளைக்கு எது ஆறுதல் என்று நீங்கள் எனக்குச் சொல்லி அனுப்புகிறீர்கள்.

இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு தபாலில் கடிதம் எழுதுகிறாள் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உங்கள் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னவள் நான். மகன் மய்யித்துக்காக ஒரு தடவை மிதித்தேன். இனிமேல் தபால்காரன் மிதிக்கட்டும்.

ஏன் மிதிக்கமாட்டேன் என்றேன் என்று உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. ஜரீனா பிறந்த நாற்பதாம் நாள் விருந்து. அவன் குவைத்திலிருந்து திரும்பி ஒரு வருஷம் இருக்கும். நெய்ச்சோற்று சஹனைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். எனக்கும் அதே தட்டில்தான் கை. நீங்கள் தாளிச்சாவை ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "எங்க மாப்பிள்ளை எலும்பும் தோலுமாத்தான் இந்த வீட்டுக்கு வந்தாரு. நாங்கதான் சோறு போட்டு ஆளாக்கினோம்." எல்லாரும் சிரித்தார்கள். நான் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது கேட்கிறேன். சோறு போட்டு ஆளாக்கினவர்கள், சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதும் அவனை என்ன செய்தீர்கள்? கல்யாணத்தில் பேசிய வழக்கம், ராத்தங்கலும் ராத்திரிச் சாப்பாடும் பெண்டாட்டி வீட்டில், காலையில் பசியாறுவது பெற்றவள் வீட்டில். காலையில் என்னிடம் வரும்போது அவன் கண் குழிந்திருக்கும். "உம்மா, அங்க ராத்திரி வெறும் கோதுமைக் கஞ்சிதான்" என்பான். மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல் அதையேதான் சொன்னான். ஆண்பிள்ளைக்கு, நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவனுக்கு, வெறும் கஞ்சி.

அவன் உடம்பு பெருத்துக்கொண்டே போனதே என்று சொல்வீர்கள். அது சதை இல்லை. சண்டைக் காலத்தில் ரங்கூன் அரிசி நின்றுபோனபோது இந்த ஊரில் பட்டினி கிடந்தவர்களை நான் கண்ணால் பார்த்தவள். முதலில் வற்றுவார்கள். பிறகு காலும் வயிறும் முகமும் ஊதும். பார்த்தால் கொழுத்ததுபோல் இருக்கும். விரலால் அமுக்கினால் குழி விழும். என் மகன் காலை நான் அமுக்கிப் பார்த்தேன், குழி விழுந்தது. கஞ்சி ஊற்றியே அவனை வீங்க வைத்துக் கொன்றீர்கள்.

ராத்திரி அவனுக்கு என்ன கொடுத்தீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள். அதற்குப் பிறகு நான் யாரைப் பொருந்திக்கொள்வது, யாரை இல்லை என்று பார்த்துக்கொள்கிறேன்.

ஷரீபுன்னிசா


786
காரைக்கால்
14.2.1984

மதிப்பிற்குரிய சம்பந்தி ஷரீபுன்னிசா அவர்களுக்கு, கமர் நிஷா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. ஹபீபாவுக்குப் படித்துக் காட்டலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். காட்டவில்லை. பதில் எழுதுவதா என்றும் யோசித்தேன். இத்தா இருக்கும் வீட்டில் சண்டை கூடாது என்று பொறுத்துப் பார்த்தேன். ஆனால் என் வீட்டில் கோதுமைக் கஞ்சி ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு பொறுக்க முடியவில்லை.

என் வீட்டு அடுப்பில் கோதுமைக் கஞ்சி ஏறியதே இல்லை. நோயாளிக்குக்கூட ஏறியதில்லை. எனக்கு ஆண்பிள்ளை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்த ஒரே ஆண்பிள்ளை உங்கள் மகன்தான். அவருக்கு வைக்கிற தட்டு எங்கள் வீட்டின் மானம். ராத்திரி பரோட்டாவும் கறி ஆணமும் இருக்கும். வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு. கடைசியில் இனிப்புக்கு ஒரு கிண்ணம் வட்டலப்பம். அவர் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் நாங்கள் தட்டில் கை வைப்போம். அக்கம்பக்கத்தில் கேளுங்கள். லூர்தம்மாளைக் கேளுங்கள், மணம் அவள் வீடு வரைக்கும் போகும்.

டாக்டர் சொன்னதை நான் மதிக்காதவள் என்று நினைக்காதீர்கள். சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கே அவரிடம் கேட்டேன், இனி என்ன ஆக்கிப்போடுவது என்று. அவர் தலை குனிந்துகொண்டு, "உம்மா வீட்ல கேப்பைக் கூழ்தான் மாமி. அதுவும் உப்பில்லாம. காலையில அதைக் குடிச்சிட்டு மத்தியானம் வரைக்கும் தள்ளுறேன்" என்றார். பெற்ற தாய் இப்படியா என்று உங்களைத்தான் மனதில் திட்டினேன். காலையில் கூழ். மத்தியானம் நான் கேரியரில் கடைக்கு அனுப்பும் பத்தியச் சாப்பாடு, கீரையும் ஒரு கரண்டிச் சோறும். அதிலும் பாதி திரும்பி வந்துவிடும். மாப்பிள்ளைக்கு எவ்வளவு கட்டுப்பாடு பார் என்று நானும் ஹபீபாவும் பேசிக்கொள்வோம். இரண்டு வேளை இப்படிக் காய்கிற மனுஷனுக்கு ராத்திரி ஒரு வேளை வாய்க்கு ருசியாகக் கொடுத்தால் அல்லாஹ் கோபித்துக்கொள்ளமாட்டான் என்று நினைத்தேன். டாக்டரும் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நினைத்தேன்.

அவர் உடம்பு ஏறுவது என் கண்ணுக்கும் தெரிந்தது. உங்கள் கூழ் ஒத்துக்கொள்ளாமல் வாயுவாக ஊதுகிறது என்று இருந்தேன். கேப்பை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

நாற்பதாம் நாள் விருந்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. விருந்தில் ஆயிரம் பேசுவோம். பத்து வருஷத்துக்கு மேலாக அதைத் தூக்கிச் சுமந்துகொண்டு திரிவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்டதற்கு நான் மறைக்காமல் சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். காலையில் நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? கூழ்தானே?

தங்கள்
கமர் நிஷா


786
காரைக்கால்
2.3.1984

சம்பந்தி கமர் நிஷாவுக்கு.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டவைத்து மறுபடியும் படித்தேன். பொய் என்றே நினைத்தேன். கொன்றவள் பொய் சொல்லத்தான் செய்வாள் என்று நினைத்தேன். அதனால் நானே கேட்டுத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டேன். அதுதான் இத்தனை நாள்.

முதலில் நான் கொடுத்ததைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூழாம் கூழ். கேப்பை மாவை நான் கையால் தொட்டே காலமாகிறது. சண்டைக் காலத்தில் அதைத் தின்றுதான் உயிர் பிழைத்தேன். அதன் வாசனை பட்டாலே எனக்குக் குமட்டும். அவன் வாப்பா சைகோனுக்குச் சம்பாதிக்கச் சபர் போய் அங்கேயே மவுத்தான பிறகு இந்தப் பிள்ளையைக் குருணைக் கஞ்சி ஊற்றித்தான் வளர்த்தேன். என்றைக்கு என் கையில் நாலு காசு வருகிறதோ அன்றைக்கு என் பிள்ளை தட்டில் கஞ்சி இருக்காது என்று சபதம் போட்டவள் நான். அவன் குவைத் பணம் அனுப்பத் தொடங்கிய நாளிலிருந்து என் வீட்டுப் பசியாறல் இதுதான்: இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், இல்லையென்றால் நெய் ரொட்டியும் ஈரல் வறுவலும். முட்டை எப்போதும் உண்டு. டீயில் சீனி தூக்கலாக இருக்க வேண்டும் அவனுக்கு.

சர்க்கரை என்று கேள்விப்பட்டதும் நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? நெய்யை நிறுத்துகிறேன் என்றேன். "ராத்திரிதான் அங்க கஞ்சி. நீங்களும் நிறுத்திட்டா நான் எங்க போவேன் உம்மா" என்றான். என்ன செய்வேன். ஒரு வேளைதானே என்றுதான் போட்டேன். நீங்கள் எழுதியிருக்கிறீர்களே ஒரு வேளை என்று, அதே ஒரு வேளை.

ஒருநாள் காலையில் பர்தாவைப் போட்டுக்கொண்டு அவன் கடைப்பக்கம் போனேன். கடை பூட்டிக் கிடந்தது. எதிரே மருதையன் வடை போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றான். மகன் உன்னிடம் டீ குடிப்பானா என்று கேட்டேன். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"பாய் பத்து மணிக்கு ஒரு தடவை வருவாரும்மா. நாலு மணிக்கு ஒரு தடவை. ரெண்டு வீட்டுலயும் பத்தியம் போட்டுக் கொல்றாங்க மருதையா, நீயாவது சூடா நாலு வடை குடுன்னு கேப்பாரு. பாவமா இருக்கும்மா. கேரியரைத் தொறந்து கீரையைக் காட்டுவாரு. அதை என்கிட்ட குடுத்துட்டு வடையைத் திம்பாரு."

உங்கள் கீரையைத் தின்றவன் மருதையன். ஆள் கட்டுமஸ்தாக இருக்கிறான்.

அங்கிருந்து கம்பவுண்டர் வைத்தியலிங்கத்திடம் போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். மாசா மாசம் எடை ஏறிக்கொண்டே போனதாம். வீட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று இவர் கேட்டால், இரண்டு வீட்டிலும் நானே சொல்லிவிட்டேன், இரண்டு பேரும் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்பானாம். நடக்கச் சொன்னாராம் டாக்டர். இரண்டு தெருவுக்கு மொபெட்டில் போகிறவன் எங்கே நடக்கப்போகிறான். அந்த மொபெட் வருவதற்கு முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்துதான் வருவான், அப்போது அவன் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். கம்பவுண்டர் இன்னொன்றும் சொன்னார். நம் தெருக்களில் சபர் போய் வந்த வீடுகளில் பாதி ஆண்களுக்கு இதே வியாதியாம். பணம் வந்ததும் பசி இருந்த காலத்துக்குச் சேர்த்துத் தின்கிறீர்கள் அம்மா என்றார்.

அப்படியானால் என் மகன் பட்டினியால் ஊதவில்லை. நான் அமுக்கிப் பார்த்த குழி சோறு போட்ட குழி.

உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் வாய்ச்சொல்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நீங்கள் ஆளாக்கினோம் என்று சொன்னதிலிருந்து என் தட்டு உங்கள் தட்டுக்குக் குறையக்கூடாது என்று நான் போட்டேன். மாப்பிள்ளைக்கு என்ன ஆகாரம் கொடுக்கிறீர்கள் சம்பந்தி என்று ஒரு வார்த்தை லூர்தம்மாளிடம் சொல்லி அனுப்பியிருக்கலாமே, இப்போது அனுப்புகிறீர்களே அதுபோல. நான் ஏன் கேட்கவில்லை என்று திருப்பிக் கேட்காதீர்கள். அவமானப்பட்டவள் போய்க் கேட்கமாட்டாள்.

ஷரீபுன்னிசா


786
காரைக்கால்
12.4.1984

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை நாலைந்து தடவை எழுதி நிறுத்தினேன். தங்கள் கடிதத்தை இந்த முறை ஹபீபாவுக்குப் படித்துக் காட்டினேன். மருதையன் கீரை தின்ற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு அப்படியே அழுதாள்.

அழுது முடித்த பிறகு ஒன்று சொன்னாள். அதைத் தங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்பதில்தான் இத்தனை நாள் போயிற்று. தங்களை நோகடிக்க எழுதவில்லை. தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

கால் விரலில் புண் வந்து கறுத்து, விரலை எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் அல்லவா, அந்த வாரம். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் மூன்றாவது பரோட்டாவை எடுத்தபோது ஹபீபா அவர் கையைப் பிடித்துவிட்டாளாம். போதும் என்று உங்களால் ஏன் சொல்ல முடியவில்லை என்று கேட்டாளாம். நான் அடுப்படியில் இருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னாராம்:

"உங்க உம்மா என் தட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எங்க உம்மா என் வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும். சின்னப் பிள்ளையிலேர்ந்து உம்மா சிரிச்சு நான் பாத்தது இல்ல ஹபீபா. நான் வயிறு நெறையச் சாப்பிட்டா மட்டும் சிரிக்கும். அதைப் பாக்கத்தான் காலையில போறேன்."

இவ்வளவுதான். அவர் இரண்டு இடத்திலும் முழுதாகச் சாப்பிடுகிறார் என்று ஹபீபாவுக்கு அப்போதும் தெரியாது. தங்கள் வீட்டுக் கூழைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கூழுக்கு எதற்கு மாமி சிரிக்கிறாங்க என்று அவளுக்குப் புரியவில்லையாம்.

நாற்பதாம் நாள் விருந்தில் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஞாபகம் இல்லை என்று போன கடிதத்தில் எழுதியது சரியில்லை. தங்கள் முகம் மாறியதையும் பார்த்தேன். ஆண்பிள்ளை பெற்றவர் என்ற பெருமை தங்களுக்கு இருந்தது. எனக்கு அன்றைக்கு அந்தத் தட்டைத் தவிர வேறு பெருமை இல்லை. அந்த வார்த்தையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். காலம் கடந்துவிட்டது, இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். இதுதான் என்னை உடனே எழுத வைத்தது. வாப்பா போனதிலிருந்து ஜரீனா காலையில் தங்களிடம் வந்து பசியாறுகிறாள். நல்லதுதான், தடுக்கவில்லை. ஆனால் நேற்று அங்கிருந்து வந்ததும் அடுப்படியில் நின்றுகொண்டு, "பெத்தம்மா எனக்கு ஒண்ணுமே தரல" என்றாள். நான் பதறிப்போய் ரொட்டி சுட்டுவிட்டேன். தட்டை வைத்த பிறகுதான் அவள் வாப்பா சொன்ன கூழ் ஞாபகம் வந்தது. அவளுக்குப் பதினொரு வயது. கவுன் முதுகில் பட்டன் போட முடியவில்லை. நேற்று காலையில் தாங்கள் அவளுக்கு என்ன கொடுத்தீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

இத்தா அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. ஹபீபாவுக்குத் தூக்கம் இல்லை. மாமி பொருந்திக்கொள்ளாதது என் மேல் உள்ள கோபத்தினால்தானே, என்னால் அவருக்கு அங்கே என்ன ஆகுமோ என்று கேட்கிறாள். அவளுக்காகவாவது அந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். தங்களுக்கு யார் மேல் கோபமோ அதை இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். என் மேல் என்றால் என் மேல்.

தங்கள்
கமர் நிஷா


786
காரைக்கால்
24.5.1984

சம்பந்தி கமர் நிஷாவுக்கு, ஷரீபுன்னிசா எழுதுவது. சலாம்.

கேட்டதற்கு முதலில் பதில். அன்றைக்கு ஜரீனா என் வீட்டில் இரண்டு முட்டையும் நெய் ரொட்டியும் சாப்பிட்டாள். இன்னும் கேட்டாள், கொடுத்தேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையில் அவள் வந்தபோது, அங்கே என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை பெத்தம்மா என்றாள். கன்னத்தைப் பிடித்துத் திருப்பி வாயை முகர்ந்தேன். வட்டலப்பம் மணந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் வாப்பாவின் முகம் அப்படியே. நான் சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் டீயைக் கொடுத்து நடந்தே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னேன். அழுதுகொண்டே போனாள். அழட்டும்.

இனிமேல் இப்படி. காலையில் என்னிடம், ராத்திரி உங்களிடம், நடுவில் அவளுக்குப் பள்ளிக்கூடம். அவள் என்ன சாப்பிட்டாள் என்பதை நான் உங்களுக்குச் சொல்வேன், நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். அவள் வாயால் வருவதை நீங்களும் நம்ப வேண்டாம், நானும் நம்பமாட்டேன். பாவம் என்று ஒரு ரொட்டி கூடப் போட்டீர்கள் என்று தெரிந்தால் தபாலில் எழுதமாட்டேன், நேரில் வருவேன்.

நேரில் எப்படியும் வருகிறேன். ஹபீபா இத்தா முடிந்து வெளியே வரும் அன்றைக்கு அதன் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். எனக்கு எந்தத் தட்டும் வைக்காதீர்கள். தண்ணீர் போதும்.

நான் சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு பல நாள் இந்தப் பேனாவைத் தொடவில்லை. சிரித்தேனாம். சிரிக்காமல் என்ன செய்வேன்? ஒரு பிடி அரிசிக்காகக் காலையிலிருந்து வரிசையில் நின்று, என் முறை வந்தபோது தீர்ந்துவிட்டது என்று கதவைச் சாத்தினார்கள். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளை தட்டை வழித்துவிட்டு இன்னும் என்று கேட்டால் சிரிப்பு வராதா? என் சிரிப்பைப் பார்க்கத் தின்றானாம். என் சிரிப்பைக் கொண்டுபோய் அவன் சாவுக்குக் காரணமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கேட்டிருந்தால் சும்மாவே சிரித்திருப்பேனே. வெறும் கையோடு வந்து உட்கார், உம்மா என்று கூப்பிடு, சிரிக்கிறேனா இல்லையா பார் என்று சொல்லியிருப்பேனே.

அந்த வார்த்தைக்கு வருகிறேன். எல்லாரும் காத்திருக்கிறீர்கள்.

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். நீங்கள். திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினீர்கள், அதற்குப் பிறகு நான் பிடித்துவைத்திருந்தால் அது எனக்கு அசிங்கம். பொருந்திக்கொண்டேன். ஹபீபாவிடம் சொல்லுங்கள், என் மௌனம் அதன் மேல் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. அவன் கையை ஒரு தடவையாவது பிடித்தது அது ஒன்றுதான். வைத்தியலிங்கம் எடை பார்த்தார், சொன்னார், அவரால் ஆனது அவ்வளவுதான். மருதையன் இரக்கப்பட்டு வடை போட்டான். போனவாரம் கடைப்பக்கம் போனபோது அவனையும் பொருந்திக்கொண்டேன் என்று சொன்னேன், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாலேயே அழுதான். தம்பி ஜெய்னுலாபுதீன் எல்லார் முன்னாலும் என்னை நிறுத்திக் கேட்டதில் எனக்கு வருத்தம் உண்டு, அதுவும் போயிற்று. லூர்தம்மாளிடம் எனக்கு என்ன கோபம். தூதுதானே போனாள்.

இவர்கள் எல்லாருக்கும் பாதிப் பாதிதான் தெரியும். உங்களுக்கு ராத்திரி தெரியும். எனக்குக் காலை தெரியும். மருதையனுக்கு வடை தெரியும். பாதி தெரிந்தவர்கள் எல்லாரும் பாவம் என்று நினைத்துப் போட்டோம். முழுதும் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். என் முன்னால் உட்கார்ந்து, உங்கள் பரோட்டா வயிற்றில் இன்னும் கரையாமல் கிடக்க, அங்கே கஞ்சி உம்மா என்று சொல்லிக்கொண்டு என் ரொட்டியைப் பிட்டான். உங்கள் முன்னால் போய், என் ஈரல் வறுவலைத் தின்ற வாயால் கூழ் மாமி என்றான். அவனை நம்பி உங்களை நான் கொலைகாரி என்றேன். அவனை நம்பி என்னை நீங்கள் ஈரமில்லாதவள் என்றீர்கள். நமக்கு நடுவில் இருந்த சண்டையை அவன் தீர்க்கவில்லை. அதை மெத்தையாகப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து தின்றான்.

நான் கொடுத்த பாலைக் கேட்கிறார்கள். பால் கொடுத்தது பிழைக்க, இப்படிச் சாக அல்ல. நானும் ஒரு நாள் அங்கே போவேன். எழுப்பப்படும் நாளில் அவன் என் முன்னால் நிற்பான். எந்த வீட்டில் வயிறு நிறையத் தின்றாய் என்று கேட்பேன். "உங்ககிட்டயும்தான், மாமிகிட்டயும்தான் உம்மா" என்று அவன் வாயால் சொல்லட்டும். அப்போது பார்த்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் எத்தனை பேரைத் தூது அனுப்பினாலும், அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் ஒருவனை மட்டும் நான் பொருந்திக்கொள்ளமாட்டேன். நான் பெற்ற சேக் அலாவுதீன்.